வாளையார் எல்லைக்கு இரு பக்கமும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு, கேரளம் இரு மாநிலங்களின் போக்குவரத்து ஆணையர்களுக்கும் தீயணைப்புத் துறைத் தலைவர்களுக்கும் வணக்கம்.

நாமக்கல்லில் இருந்து கேஸ் டேங்கர், கெமிக்கல் டேங்கர் லாரிகளை ஓட்டத்துக்கு அனுப்பும் வேலை என்னுடையது. கொச்சியில் லோடு ஏற்றி, வாளையார் தாண்டி, கோவைக்கும் ஈரோட்டுக்கும் வரும் வண்டிகள் என் பொறுப்பில் உண்டு. லோடு இறங்கிவிட்டது என்று டிரைவர் போன் செய்யும்வரை மனசு நிலைகொள்ளாது.

2025 ஜனவரி 3-ஆம் தேதி விடியற்காலை கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கொச்சியிலிருந்து சமையல் எரிவாயு ஏற்றி வந்த டேங்கர், இழுவை வண்டியிலிருந்து கழன்று கவிழ்ந்தது. வாயு கசிந்தது. தீயணைப்பு வீரர்கள் மணிக்கணக்கில் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே நின்றார்கள். அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. அந்த வீரர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

ஆனால் எப்போதும் அப்படி முடிவதில்லை. அதற்கு இரண்டு வாரம் முன்புதான், 2024 டிசம்பர் 20 அன்று, ஜெய்ப்பூர்-அஜ்மீர் நெடுஞ்சாலையில் கேஸ் டேங்கரும் லாரியும் மோதி வரிசையாக வண்டிகள் எரிந்தன. கண்ணூர் பக்கத்தில் சாலா என்ற ஊரில் 2012 ஆகஸ்ட் 27 இரவு ஒரு டேங்கர் கவிழ்ந்து வெடித்ததில் 20 பேர் இறந்தார்கள். ரோட்டோரத்தில் வீடு இருந்தது, அவர்கள் செய்த தவறு அவ்வளவுதான்.

கோவையில் அந்த டேங்கர் கவிழும்வரை, அது அந்த வழியாக வருகிறது என்று வழியிலிருந்த எந்தத் தீயணைப்பு நிலையத்துக்குத் தெரிந்திருக்கும்? லோடு ஏற்றிய இடத்தில் தெரியும், இறக்கும் இடத்தில் தெரியும். நடுவில் பாலக்காட்டிலும் கோவையிலும் யாருக்கு முன்கூட்டியே தெரியும்?

பெரிய சரக்கு என்றால் கதை வேறு. திருவனந்தபுரத்தில் இருக்கும் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துக்கு மகாராஷ்டிரத்திலிருந்து 70 டன் எடையுள்ள ஒரு இயந்திரம் 74 சக்கர வண்டியில் கிளம்பியது. 2019 ஜூலையில் புறப்பட்டது, 2020 ஜூலையில்தான் போய்ச் சேர்ந்தது. வழியெங்கும் கரன்ட் கம்பியைத் தூக்கிப் பிடித்தார்கள், மரக்கிளையை வெட்டினார்கள், போலீஸ் கூடவே வந்தது. ஒவ்வொரு மாநிலத்திலும் தனித்தனி அனுமதி, தனித்தனிக் காத்திருப்பு என்று அதிலும் எரிச்சல்கள் உண்டு. ஆனால் வண்டி வருவதற்கு முன்பே ஊருக்கு விஷயம் தெரிந்திருந்தது. கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் சரக்குக்கு இவ்வளவு ஏற்பாடு. ஒரு தெருவையே எரிக்கக்கூடிய சரக்கு மட்டும் நள்ளிரவில் யாருக்கும் சொல்லாமல் ஊருக்குள் நுழைகிறது.

இதற்குப் புதுச் சட்டம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 129 முதல் 137 வரை எல்லாம் இருக்கிறது. டேங்கரின் பக்கங்களிலும் பின்னாலும் சரக்கின் பெயர், ஐ.நா. எண், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய தொலைபேசி எண் எல்லாம் எழுதியிருக்க வேண்டும், எழுத்து 50 மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறையக் கூடாது என்றுகூட 134-ஆம் விதி சொல்கிறது. நீங்களே ஒரு மழை நாளில் வாளையாரில் நின்று பாருங்கள். சமையல் எரிவாயுவைக் குறிக்கும் ஐ.நா. எண்ணான 1075 சேற்றுக்கு அடியில் இருக்கும். போன் நம்பரில் பாதி உதிர்ந்திருக்கும். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் டிரெம் கார்டு கேபினுக்குள் சாமி படத்துக்குப் பின்னால், பெரும்பாலும் ஆங்கிலத்தில் மட்டும், செருகியிருக்கும். வண்டி கவிழ்ந்தால் முதலில் ஓடி வருகிறவர் டீக்கடைக்காரர். அவருக்கு அது எதற்கு உதவும்?

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, சாக்கடையிலும் பள்ளத்திலும் தவழ்ந்து போகும். 1 லிட்டர் திரவம் வெளியே வந்தால் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரியும். "யாரும் வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க, அடுப்பை அணைங்க, மேட்டுப் பக்கம் போங்க" என்று தமிழிலும் மலையாளத்திலும் நாலு வரி டேங்கரின் மேலேயே எழுதியிருந்தால் அந்த முதல் சில நிமிடங்களில் உயிர் பிழைக்கும்.

அப்புறம் நிறுத்துமிடம். இதைத்தான் அதிகம் வலியுறுத்திக் கேட்கிறேன். பகலில் ஊருக்குள் கனரக வண்டிக்கு அனுமதி இல்லை என்றால் டிரைவர் எல்லையோரம் ரோட்டிலேயே நிற்கிறார். முன்னால் சிமென்ட் லாரி, பின்னால் வைக்கோல் லாரி. பசித்தால் டூல் பாக்ஸிலிருந்து ஸ்டவ்வை எடுத்து அங்கேயே சோறு வடிக்கிறார்கள். கேஸ் டேங்கருக்கு இருபதடி தள்ளி அடுப்பு எரிவதை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்து வண்டிக்காரரைக் குறை சொல்ல முடியுமா? அவரும் சாப்பிட வேண்டும். தூங்காமல் காத்திருந்த டிரைவர் ராத்திரி ஒரு மணிக்கு மேல் நகரத்துக்குள் வண்டியை எடுக்கிறார். அந்த நேரத்தில் வளைவில் கை கொஞ்சம் தளர்ந்தால் போதும்.

ஆகவே வாளையாரின் இரு பக்கமும் அபாயச் சரக்கு வண்டிகளுக்கு மட்டும், வேலியும் தண்ணீர்க் குழாயும் கழிவறையும் தள்ளியிருக்கும் சமையல் கொட்டகையும் உள்ள ஓர் இடம் வேண்டும். டிரைவர் படுத்துத் தூங்க வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் அங்கேயே வந்து டயரையும் டேங்கர் இணைப்பையும் வால்வையும் பார்க்கட்டும், பேப்பரைப் பார்ப்பதோடு நிறுத்த வேண்டாம். கோவையில் விட்டுப்போனதும் இணைப்புதான்.

தகவலுக்குப் பெரிய செலவில்லை. வண்டி எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவி இப்போது பல டேங்கர்களில் இருக்கிறது. எங்கள் ஆபீஸ் திரையில் தெரிகிற அதே புள்ளி பாலக்காடு, கோவை தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறைகளிலும் தெரியட்டும். என்ன சரக்கு, எத்தனை டன், டிரைவர் நம்பர் என்ன என்று அதிலேயே வரட்டும். எங்களைப் போன்றவர்கள் தரத் தயார். வாங்கிக்கொள்ள இரு மாநிலத்துக்கும் பொதுவான ஓர் ஆள் வேண்டும்.

அபாயச் சரக்கு வண்டி ஓட்ட டிரைவர்கள் தனிப் பயிற்சி எடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நல்லது. அந்தப் பயிற்சியில் பாதியையாவது எல்லையில், இரு மாநிலத் தீயணைப்பு வீரர்களோடு நடத்துங்கள்.

உங்கள் இரு துறைகளும் எங்களைப் போன்ற வண்டிக்காரர்களையும் எண்ணெய் நிறுவனங்களையும் ஒரே மேசையில் உட்கார வைக்க ஒரு தேதி சொல்லுங்கள். அடுத்த தென்மேற்குப் பருவமழை பாலக்காட்டில் இறங்குவதற்கு முன் என்றால் நல்லது. கோவையிலோ பாலக்காட்டிலோ எங்கே வைத்தாலும் வருகிறோம்.

இப்படிக்கு,
நாமக்கல்லிலிருந்து டேங்கர் லாரிகளை அனுப்பும் ஒருவன்