பகிங்ஹாம் கால்வாயை யார் அளப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய நீர்வழிகள் பற்றிய உங்கள் கட்டுரையில் படங்கள் அருமை. ஆனால் சென்னை வழியாகப் போகும் பகிங்ஹாம் கால்வாய் எத்தனை அடி அகலம், எந்தப் பாலத்தடியில் எவ்வளவு உயரமான படகு நுழையும் என்று ஒரு வரி இல்லை.

இங்கிலாந்தில் ஹென்றி ரொடால்ஃப் டி சாலிஸ் என்பவர் 1904-இல் அங்குள்ள கால்வாய்களுக்கும் ஆறுகளுக்கும் ஒரு படகுவழிக் கையேடு போட்டார். ரயில் அட்டவணைக்குப் பேர்போன பிராட்ஷா பெயரில் வந்தது. அவர் சரக்குப் படகு கம்பெனி ஒன்றின் இயக்குநர். 11 ஆண்டுகளில் 14,000 மைல் நீர்வழியில் சுற்றிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தார். ஊருக்கு ஊர் எத்தனை மைல், வழியில் எத்தனை லாக், ஒவ்வொன்றிலும் எவ்வளவு பெரிய படகு அடங்கும் என்று பக்கம் பக்கமாகக் கணக்கு. (இரண்டு கதவுகளுக்கு நடுவே படகை நிறுத்தி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்கு அனுப்பும் அமைப்புதான் லாக்.) சும்மா புரட்டுபவருக்குச் சலிப்பாக இருக்கும். படகோட்டிக்கு அதில்தான் பிழைப்பு. லீட்ஸ்–லிவர்பூல் கால்வாயில் பெரும்பாலான லாக்குகள் 62 அடி நீளம்தான். மற்ற கால்வாய்களில் ஓடிய ஒடுக்கமான படகுகளோ 70 அடி. தெரியாமல் போனவர் சரக்கோடு திரும்ப வேண்டியதுதான்.

நம் பகிங்ஹாம் கால்வாய்க்கும் புத்தகம் இல்லாமல் இல்லை. 1806-இல் சென்னை–எண்ணூர் இடையே தொடங்கிய வெட்டு, 1877–78 பஞ்ச நிவாரண வேலையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து, ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை நீண்டது. அதன் வரலாற்றை ஏ. எஸ். ரஸ்ஸல் எழுத, 1898-இல் சென்னையில் அச்சானது. எதிர்காலப் பராமரிப்புக்கான வழிகாட்டி என்று அதன் தலைப்பிலேயே இருக்கிறது! இன்று கால்வாய்ப் பாலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

அப்புறம், தமிழில்? பாரதிதாசன் இதே கால்வாயில் மாமல்லபுரத்துக்குத் தோணியில் போனதைப் பாட்டாக்கினார். அந்தத் தோணி எந்தெந்த லாக்கைத் தாண்டியது என்று தேடினால், தமிழில் ஒரு கையேடும் என் கைக்குக் கிடைக்கவில்லை.

உங்கள் இதழே இதைத் தொடராக வெளியிடலாம். எண்ணூரிலிருந்து மரக்காணம் வரை, வாரம் ஒரு துண்டாகக் கரையோரம் நடந்து அளக்க வேண்டும். இடிந்த லாக் சுவர் இருந்தால் அதையும் குறிக்க வேண்டும். கால்வாய்க்குள்ளேயே நிற்கும் பறக்கும் ரயில் தூண்களுக்கு நடுவே இன்னும் எத்தனை அடி தண்ணீர் மிச்சம் என்பதிலேயே ஆரம்பிக்கலாம். வீட்டில் நூறடி அளவு நாடா ஒன்று சும்மா கிடக்கிறது, கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவான்மியூர்