ஸ்கிரீன் சைஸ் எல்லாம் சரி, பின்னாடி வயரை யாரு பாக்குறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

கார்ல பழைய செட்டை கழட்டிட்டு புது ஸ்டீரியோ மாட்டுறது பத்தி உங்க பேப்பர்ல ஒரு கட்டுரை வந்துச்சு, படிச்சேன். எத்தனை இன்ச் ஸ்கிரீன் வாங்கலாம், போன்ல இருக்குற மேப் அதுல தெரியுமா, ரிவர்ஸ் கேமரா சேருமா எல்லாம் விலாவாரியா போட்டிருந்தீங்க. ஆனா வயரிங் பத்தி மட்டும் 'விவரம் தெரிஞ்சவங்ககிட்ட குடுத்து மாட்டிக்கோங்க'ன்னு ஒரே வரியில முடிச்சுட்டீங்க. நான் வண்டி எலக்ட்ரிக்கல் வேலை பாக்குறவன் சார், செட்டு மாட்டுனதுக்கப்புறம் வர்ற கம்ப்ளைன்ட்ல பெரும்பாலானது அந்த ஒரு வரிக்குள்ளதான் இருக்கு, அதான் எழுதுறேன்.

கம்பெனி செட்டை வெளிய இழுத்ததும் நெறைய பேரு கைக்கு மொதல்ல வர்றது கட்டர்தான். சாக்கெட்டை நறுக்குன்னு வெட்டிட்டு, புது செட்டோட வயரை அதோட சேத்து முறுக்கி, கருப்பு டேப் ரெண்டு சுத்து சுத்தி உள்ள தள்ளி மூடிடுவாங்க, பாட்டும் பாடும், ஓனரும் சந்தோஷமா ஓட்டிட்டு போயிடுவாரு. வெயில்ல நின்ன காரோட டேஷ்போர்டை கொஞ்ச நாள் கழிச்சு தெறந்து பாத்தா தெரியும் சங்கதி. டேப்போட பசை இளகி வழிஞ்சு கையெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டும், டேப் தானா கழண்டு தொங்கும், உள்ள முறுக்குன செம்பு ஆட்டத்துல தளர்ந்து பாதி வெளிய தெரியும். ஸ்பீட் பிரேக்கர் ஏறுனா ஒரு பக்கம் பாட்டு நிக்குது, எறங்குனா பாடுதுன்னு வருவாங்க, பாவம் ஸ்பீக்கரை மாத்திட்டு கூட வருவாங்க, ஸ்பீக்கர் மேல ஒரு தப்பும் இருக்காது. இந்த மாதிரி தொங்குற கரண்ட் வயர் பாடியில பட்டு ஃபியூஸ் போனா தப்பிச்சோம்னு அர்த்தம், ஃபியூஸ் அடிக்கடி போகுதேன்னு பெரிய ஆம்பியர் ஃபியூஸ் போடுறவங்களை என்னன்னு சொல்றது, வயர் எரியுறதுக்கு முன்னாடி ஃபியூஸ் போயிடணும்ங்குறதுதானே அதோட வேலை.

இத்தனைக்கும் இதுக்கு கப்ளர்னு ஒண்ணு இருக்கு, பாதி பேருக்கு தெரியல, தெரிஞ்ச கடைக்காரங்களும் கேட்டாத்தான் எடுத்து குடுக்குறாங்க. உங்க கார் மாடலுக்குன்னே வரும், ஒரு முனை காரோட சாக்கெட்ல அப்படியே சொருகிக்கும், இன்னொரு முனை புது செட்டுக்கு, காரோட ஒரு வயரை கூட வெட்ட வேண்டியதில்ல. நாளைக்கு காரை விக்கணும்னா புது செட்டை உருவிட்டு பழசை மாட்டி குடுத்துடலாம். வாரண்டியில இருக்குற காருக்கு இது ரொம்பவே முக்கியம், வெட்டுன வயரை பாத்தா சர்வீஸ்ல கேள்வி மேல கேள்வி வரும்.

கலர் விஷயமும் சொல்லிடுறேன். வெளிய வாங்குற செட்டுகள்ல பெரும்பாலும் மஞ்சள் எப்பவும் கரண்ட் இருக்குற வயரு, சிவப்பு சாவி போட்டா வர்ற கரண்ட், கருப்பு எர்த், நீலத்துல வெள்ளைக் கோடு போட்டது ஆம்பை, அதாவது சத்தத்தை பெருசாக்குற ஆம்ப்ளிஃபையரை, ஆன் பண்ண. ஸ்பீக்கருக்கு வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதான்னு ஜோடி ஜோடியா வரும், கருப்புக் கோடு போட்டது நெகட்டிவ். ஆனா காருக்குள்ள இருந்து வர்ற வயருக்கு இந்த கலர் எதுவும் பொருந்தாது, கம்பெனிக்கு கம்பெனி வேற, அதனால கரண்ட் பாக்குற மல்டிமீட்டர் வச்சு பாக்காம கலரை நம்பி ஜாயின்ட் அடிக்கிற ஆள்கிட்ட காரை குடுக்காதீங்க. சாவி லைன் தேடுறதுக்கு சோம்பல்பட்டு சிவப்பையும் மஞ்சளையும் ஒண்ணா முறுக்கி விடுறவங்களும் இருக்காங்க. சாவியை எடுத்தாலும் செட்டு தூங்காது, ரெண்டு நாள் காரை எடுக்கலன்னா பேட்டரி டவுன், அப்புறம் பேட்டரி மோசம்னு பேட்டரியை திட்டிட்டு புதுசு வாங்குவாங்க.

அட்டைப்பெட்டியில '50 வாட் x 4'ன்னு போட்டிருக்கறதையும் கட்டுரையில அப்படியே எழுதிட்டீங்க. வண்டி ஓடும்போது வர்றது 14.4 வோல்ட்டுன்னு வச்சுக்குவோம், செட்டுக்குள்ள இருக்குற சாதாரண ஆம்பால 4 ஓம் ஸ்பீக்கருக்கு கணக்குப்படியே ஏறக்குறைய 26 வாட்டுக்கு மேல சுத்தமா குடுக்க முடியாது, நடைமுறையில அதுவும் வராது. பெட்டியில ஆர்எம்எஸ்னு, அதாவது விடாம குடுக்குற வாட்டுன்னு, சின்ன எழுத்துல ஒரு நம்பர் இருக்கும் பாருங்க, அதுதான் நெஜம். அதுக்கு மேல வால்யூமை முறுக்குனா சத்தம் கிழியும், மொதல்ல கீச்சுன்னு வர்ற மெல்லிய சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர், அதான் ட்வீட்டர், போகும்.

தனியா ஆம்ப் வைக்கிறது வேற கதை. 500 வாட் இழுக்குற ஆம்புக்கு 12 வோல்ட்ல 40 ஆம்பியருக்கு மேல ஓடும், இத சிகரெட் லைட்டர் லைன்ல இருந்தெல்லாம் எடுக்கக் கூடாது, பேட்டரியில இருந்து நேரா தடி வயரு வரணும், பேட்டரியில இருந்து 45 செ.மீ.க்குள்ள ஃபியூஸ் இருக்கணும். ஃபியூஸை ஆம்ப் பக்கத்துல டிக்கியில வச்சுட்டு 'அதான் ஃபியூஸ் இருக்கே'ம்பாங்க, நடுவுல வயரு நசுங்கி ஷார்ட் ஆச்சுன்னா அந்த ஃபியூஸால என்ன பிரயோஜனம்? இஞ்சின் பக்கத்துல இருந்து உள்ள வர்ற ஓட்டையில ரப்பர் குரோமெட், அதான் ஓட்டை விளிம்பை மூடுற வளையம், இல்லன்னா தகடோட விளிம்பே வயரை அறுத்துடும். கிட்டுல வர்ற வயரையும் பிளேடால லேசா சுரண்டிப் பாருங்க, உள்ள வெள்ளையா தெரிஞ்சா அது செம்பு பூசுன அலுமினியம், அதே தடிமன் செம்பை விட ரெசிஸ்டன்ஸ் ஒண்ணரை மடங்குக்கு மேல, அதனால இன்னும் தடியா போட்டாத்தான் தாங்கும்.

ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கர்ல 'உய்ங்'னு ஒரு சத்தம் கூடவே ஏறுதுன்னா முக்காவாசி எர்த்துதான் காரணம். பெயின்ட் மேலயே போல்ட்டை முடுக்கியிருப்பாங்க, தகடு பளிச்சுன்னு தெரியுற வரைக்கும் சுரண்டிட்டு முடுக்கணும். அதே மாதிரி கரண்ட் வயரை ஒரு ஓரமா விட்டா, செட்டுல இருந்து ஆம்புக்கு பாட்டு கொண்டு போற வயரை எதிர் ஓரமா விடணும்.

ஸ்கிரீன்ல வீடியோ ஓடணும்னு ஹேண்ட்பிரேக் வயரை எர்த்துல முறுக்கி விடுறதும் நடக்குது, ஓட்டும்போது படம் பாக்கக் கூடாதுன்னு வச்ச வயரு அது, கேட்டா கஸ்டமர் கேக்குறாரும்பாங்க. அப்புறம் ஸ்டீயரிங், டேஷ்போர்டு பக்கம் மஞ்சள் கலர் சாக்கெட் இருந்தா பெரும்பாலும் ஏர்பேக்கோடது, மீட்டர் கூட வைக்காம விட்டுடணும்.

மாட்டி முடிச்சதும் டேஷ்போர்டை மூடுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. சாவியை எடுத்து, காரை லாக் பண்ணி, அரை மணி நேரம் கழிச்சு பேட்டரி நெகட்டிவ்ல மீட்டரை தொடரா, அதாவது பேட்டரிக்கும் அதோட வயருக்கும் நடுவுல, போட்டு பாக்க சொல்லுங்க, கார் சும்மா நிக்கும்போது இழுக்குற கரண்ட் சாதாரணமா 50 மில்லி ஆம்பியருக்குள்ள காட்டணும். அதுக்கு மேல காட்டுனா அங்கேயே நின்னு சரி பண்ணி வாங்கிட்டு வாங்க, வீட்டுக்கு வந்துட்டு போன் பண்ணா அந்த ஆளு எடுக்க மாட்டாரு.

இப்படிக்கு,
உங்கள் வாசகன், ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன்