முரளிக்கு, லென்ஸ் விஷயமாக

அன்புள்ள முரளி,

இங்கே எல்லோரும் நலம். என் முழங்காலும் பரவாயில்லை, நடக்கிறேன். பறவைப் படம் எடுக்க எந்தக் கேமரா, எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேட்டு, ஒப்பீட்டுப் பட்டியலும் வைத்து நீ எழுதிய கடிதம் வந்து நான்கு மாதம் ஆகிவிட்டது. வேலை ஒரு காரணம்தான். உண்மைக் காரணம் வேறு. போன வருடம் நீ கேட்டபோது, "600 மில்லிமீட்டர் லென்ஸ் இல்லாமல் பறவைப் படத்தில் இறங்காதே" என்று அடித்துச் சொன்னவன் நான். அந்தப் பேச்சு தவறோ என்று கொஞ்ச நாளாகவே உறுத்திக்கொண்டிருந்தது. இன்று காலை சந்தேகம் தீர்ந்துவிட்டது. வந்து காலணியைக் கழற்றியதும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

விடிந்து அரை மணி நேரம் இருக்கும். ஏரிக்கரையில் நாணல் ஓரமாக அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு சிறு மீன்கொத்தி நீரை ஒட்டிப் பறந்து வந்து, எனக்கு இரண்டு மீட்டர் தள்ளி ஒரு குச்சியில் அமர்ந்தது. வாயில் மீன். கீழ் அலகு செம்மஞ்சளாக இருந்தது, பெண் பறவை. மீனைக் குச்சியில் இப்படியும் அப்படியும் அடித்தது. ஒரு செதில் தெறித்து அதன் நெற்றியிலேயே ஒட்டிக்கொண்டது. பிறகு மீனின் தலை முதலில் உள்ளே போகும்படி திருப்பி, கழுத்தை நீட்டி, ஒரே விழுங்கு. செதில் மட்டும் நெற்றியில் மின்னிக்கொண்டே இருந்தது.

இவ்வளவையும் வெறும் கண்ணால்தான் பார்த்தேன். என் பெரிய லென்ஸுக்கு மூன்றரை மீட்டருக்கு இந்தப் பக்கம் எதுவும் தெரியாது. ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடிக் களைத்தது. திரையில் ஒரு நீலப் புகை. பின்னால் நகர்ந்தால் பறந்துவிடும். கேமராவை மடியில் இறக்கி வைத்துவிட்டேன்.

வெயில் ஏறிய பிறகு விராலடிப்பான் வந்தது, மீன் பிடிக்கும் அந்தப் பெரிய வேட்டைப் பறவை. எதிர்க்கரைப் பக்கம், 200 மீட்டருக்குக் குறையாது. பாய்ந்து ஒரு மீனைத் தூக்கிக்கொண்டு எழுந்தது. எழுபது படம் எடுத்தேன். ஒன்றில்கூட இறகு இறகாகத் தெரியவில்லை. எல்லாம் தண்ணீருக்குள்ளிருந்து பார்த்ததுபோல் நெளிந்து கிடக்கின்றன. லென்ஸின் குற்றமும் இல்லை, என் கையின் குற்றமும் இல்லை. வெயிலில் சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து அலையும்போது ஒளி வளைந்து வளைந்து வருகிறது. இடையில் அவ்வளவு காற்று இருந்தால் எத்தனை விலை உயர்ந்த கண்ணாடியாலும் ஒன்றும் செய்ய முடியாது.

அருகில் வந்தது கிடைக்கவில்லை, தொலைவில் போனதும் கிடைக்கவில்லை. அப்படியானால் எந்தத் தொலைவுக்காக நாம் லென்ஸ் வாங்குகிறோம்? என் பழைய படங்களையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். உருப்படியாக வந்தவற்றில் பெரும்பாலானவை எட்டு மீட்டரிலிருந்து இருபது மீட்டருக்குள் எடுத்தவை. சரி, கணக்குப் போடுவோம். (பள்ளியில் என் கணக்கு நோட்டைப் பார்த்து எழுதியவன் நீ, இதையும் பார்த்து எழுதிக்கொள்.) இந்த மீன்கொத்தி அலகு முதல் வால் வரை சுமார் 16 சென்டிமீட்டர். பத்து மீட்டரில் உட்கார்ந்தால், 400 மில்லிமீட்டர் லென்ஸ் அதைக் கேமராவின் சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) மேல் 6.4 மில்லிமீட்டர் நீளத்துக்கு விழவைக்கும். கேனான் ஆர்7 கேமராவில் இருப்பது போன்ற கிராப் சென்சாரின், அதாவது முழு அளவைவிடச் சிறிய சென்சாரின், அகலம் 22.3 மில்லிமீட்டர். அதாவது படத்தின் அகலத்தில் கால் பங்குக்கு மேல், ஏறக்குறைய 2000 பிக்சல் பறவைக்கே கிடைக்கிறது. கண்ணில் ஒளிப்புள்ளி, நெற்றியில் செதில் எல்லாம் தெரியும்.

600 மில்லிமீட்டர் வைத்திருந்தால் இதே அளவை 15 மீட்டரிலிருந்தே எடுத்துவிடலாம். வித்தியாசம் ஐந்து மீட்டர், முரளி! அந்த ஐந்து மீட்டருக்காகத்தான் இரண்டு கிலோவைத் தூக்கிச் சுமக்கிறோம், முக்காலி வாங்குகிறோம், முக்காலிக்குத் தலை வாங்குகிறோம். ஐந்து மீட்டரை உட்கார்ந்து காத்திருந்தும் வாங்கலாம் என்று இன்று அந்தப் பெண் பறவை எனக்குக் காட்டிவிட்டுப் போனது.

உன் பட்டியலைப் பார்த்தேன். அட்டவணையில் பதினொரு பத்தி! நொடிக்கு எத்தனை படம், எத்தனை மெகாபிக்சல், எடை, நினைவகம்... இதை உருவாக்கிய நேரத்தில் நீ நூறு பறவைகளைப் பெயர் சொல்லக் கற்றிருப்பாய். அதில் ஒரு பத்தியை மட்டும் காணோம்: உன் தோள். அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சோனி 200-600 அருமையான லென்ஸ்தான், நானே ஆசைப்பட்டிருக்கிறேன். ஆனால் அது 2 கிலோ 115 கிராம். நிக்கானின் 180-600-ம் கிட்டத்தட்ட அந்த எடைதான். கேமராவையும் சேர்த்தால் மூன்று கிலோவை நெருங்கும். கடையில் கையில் வாங்கும்போது எல்லாம் இலேசாகத்தான் இருக்கும். பறவை கிளை மாறும்வரை கண்ணில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் நிற்கும்போதுதான் தெரியும். நீ வலியோடு தூக்குவாய், யாரிடமும் சொல்லவும் மாட்டாய். எனக்கு உன்னைத் தெரியும்.

ஆகவே என் புதிய பேச்சு இது: 400-ல் முடியும் ஒரு ஜூம், கிராப் சென்சார் கேமரா. கேனானின் ஆர்எஃப் 100-400 வெறும் 635 கிராம். ஏறக்குறைய ஒரு மீட்டர் வரைக்கும் ஃபோகஸ் செய்யும்; அது என்னிடம் இருந்திருந்தால் இன்று அந்தச் செதில் படத்தில் இருந்திருக்கும். கிராப் சென்சாரில் அதன் பார்வை, முழு அளவு சென்சாரில் 640 மில்லிமீட்டர் லென்ஸ் காட்டுவதற்குச் சமம். குறை என்ன? 400-ல் ஒளி நுழையும் துளை எஃப் 8 (எண் ஏற ஏறத் துளை சிறிது). எஃப் 5.6-ஐவிடப் பாதி ஒளிதான் உள்ளே வரும், ஐஎஸ்ஓ-வை, அதாவது சென்சாரின் ஒளி உணர்திறனை, இரட்டிப்பாக்க வேண்டியிருக்கும்; படத்தில் புள்ளி புள்ளியாக விழும். விடியற்காலையில் நிழலுக்குள் இருக்கும் பறவைக்கு இது நிஜமான இழப்பு, மறைக்க மாட்டேன். ஆனால் இன்று அந்தப் புள்ளிகளை நீக்கும் மென்பொருள்கள் வெகுதூரம் வந்துவிட்டன. நடுங்கிய படத்தை எந்த மென்பொருளும் முழுதாக மீட்காது. இதோடு 1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டர் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் உருப்பெருக்கி) மாட்டலாம் என்று மட்டும் நினைக்காதே. அது இன்னொரு பாதி ஒளியைத் தின்றுவிடும்.

கேமராவில் ஒன்றே ஒன்றைப் பார்: பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடித்துப் பிடித்துக்கொள்கிறதா? இலைகளுக்கு நடுவே சிட்டு தாவும்போது நாம் ஃபோகஸ் புள்ளியை நகர்த்தி முடிப்பதற்குள் அது போய்விடும். இந்த வசதி கண்ணை விடாது. எனக்கு இது கிடைத்த பிறகு வீணாகும் படங்கள் பாதியாகக் குறைந்தன. பழைய டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த முந்தைய வகைக் கேமரா) தான் கைக்கு எட்டும் என்றால் அதுவும் கேவலம் இல்லை. 2014-ல் வந்த கேனான் 7டி மார்க் 2, 2016-ல் வந்த நிக்கான் டி500 இரண்டும் நொடிக்குப் பத்துப் படம் எடுக்கும். இன்றும் போதும்.

நொடிக்கு முப்பது படம் என்று ஒரு பத்தியில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்கிறாயே, அதை அழித்துவிடு. அந்த வேகம் பெரும்பாலும் மின்னணு ஷட்டரில் மட்டும்தான். சென்சார் வரி வரியாக மெதுவாகப் படிக்கும் கேமராக்களில், பறக்கும் பறவையின் சிறகு வாழைமட்டை போல வளைந்து விழும். 2021-ல் வந்த நிக்கான் இசட்9 போல, இயந்திர ஷட்டரையே எடுத்துவிடும் அளவுக்கு வேகமாகப் படிப்பவை வேறு வகை, அவற்றின் எடையும் விலையும் வேறு. நீ பறப்பதை எடுக்கும்போது இயந்திர ஷட்டரிலேயே இரு, ஷட்டர் வேகத்தை 1/2000 நொடிக்குக் கீழே இறக்காதே.

பழைய லென்ஸாக வாங்கினால், இருட்டறையில் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பார். சிலந்தி நூல் போல ஓடினால் பூஞ்சை. யார் எவ்வளவு சத்தியம் செய்தாலும் திருப்பிக் கொடுத்துவிடு.

நம் நண்பன் 'கொக்கை'ப் பற்றிக் கேட்டிருந்தாய். அவனோடு பேசி இரண்டு மாதம் ஆகிறது. அவனிடம் இருப்பது 600 எஃப் 4 லென்ஸ். முன் கண்ணாடியே 15 சென்டிமீட்டர் குறுக்களவு. அதை வைத்துக்கொண்டும் ஒரு தேன்சிட்டுக் கூட்டுக்குப் பக்கத்தில் போய், மறைக்கிறது என்று சுற்றியிருந்த இலைகளைக் கத்தரித்திருக்கிறான். படத்தைப் பெருமையாகக் காட்டினான். குஞ்சுகளின் வாய்க்குள் இருக்கும் நிறம்கூடத் தெரிகிறது. "இந்தக் கூடு இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன். காகம் கொண்டுபோய்விட்டது என்று, மழை பெய்தது என்பதுபோலச் சொன்னான். அந்த இலைதானே முரளி, அவற்றுக்கு வெயிலும் காகமும் தெரியாமல் காத்தது? நான் எழுந்து வந்துவிட்டேன். நாற்பது வருட நட்பில் அவன் வீட்டிலிருந்து சொல்லாமல் வந்தது அதுதான் முதல் முறை. இன்னும் மனசு ஆறவில்லை. அவன் கெட்டவன் இல்லை என்பதுதான் வேதனை. உன் பேச்சை அவன் கேட்பான், எப்போதும் அப்படித்தான். ஒரு முறை பேசிப் பார்.

நீ கேமரா தேடத் தொடங்கி இரண்டு வலசைக் காலம் போய்விட்டது. வாலாட்டிகள் வந்து, இருந்து, திரும்பியும் போய்விட்டன. நீ பட்டியலில் பன்னிரண்டாவது பத்தி போட்டுக்கொண்டிருக்கிறாய். எதையும் வாங்குவதற்கு முன் இங்கே வா. என்னிடம் இருக்கும் பெரியதையும், பக்கத்து வீட்டுப் பையனிடம் இருக்கும் 100-400-ஐயும் ஒவ்வொரு நாள் காலையிலும் மாற்றி மாற்றித் தூக்குவோம். உன் தோள் எதைச் சொல்கிறதோ அதை வாங்கு. நாணல் ஓரத்தில் இரண்டு பேர் உட்கார இடம் இருக்கிறது, ஆனால் நீ பேசாமல் இருக்க வேண்டும்.

எந்த வாரம் வருகிறாய் என்று எழுது. அந்தக் குச்சியில் அவள் தினமும் வருகிறாளா என்று அதுவரை பார்த்து வைக்கிறேன்.

அன்புடன்,
உன் கணக்கு நோட்டு