பெட்டியடி வருஷம்

உ
சிவமயம்

காரைக்குடி

அன்புள்ள ராசாவுக்கு அப்பச்சி எழுதிக்கொண்டது. இங்கு ஆத்தா, ஆயா எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு எழுதவும்.

காலேஜ் கூடைப்பந்து அணியில் நாலு ஆட்டத்துக்கும் சேர்த்து உன்னைப் பதினோரு நிமிஷம்தான் களத்தில் இறக்கினார்கள் என்று ஆத்தாளிடம் குறைப்பட்டாயாம். போனில் பேசித் தீர்கிற சங்கதி இல்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார். ஆட்டம் 40 நிமிஷம், களத்தில் ஐந்து பேர். ஆகப் பங்கு போட இருப்பது 200 நிமிஷம். முதல் ஐவர் ஆளுக்கு 28 எடுத்தால் 140 போயிற்று. அடுத்த இரண்டு பேருக்கு ஆளுக்கு 18 வைத்தால் 36. மிச்சம் 24 நிமிஷத்தை அணியில் மீதியுள்ள ஐந்து பேர் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆட்டம் இழுபறியாகப் போனால் அந்த 24-ம் சுருங்கிவிடும். முதல் வருஷப் பையனுக்கு மூணு நிமிஷம் கிடைத்தால் அது கோச்சின் ஓரவஞ்சனை என்று நினைக்காதே. வகுத்துப் பார்த்தால் அவ்வளவுதான் வருகிறது.

பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடைத் தொழில் பார்க்கப் போன நம் ஆட்கள் எடுத்த எடுப்பில் மேலாளாகப் போய் உட்காரவில்லை. கடையில் வேலை பழகும் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, மேலாளுக்கு அடுத்த இடத்தில் அடுத்தாளாகி, பிறகுதான் கடைப் பொறுப்பைப் பார்க்கும் மேலாள். ஒரு தடவை போனால் மூணு வருஷ வேலை, அது ஒரு கணக்கு. உன் டிகிரியும் மூணு வருஷம்தான் என்பதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். பெட்டியடிப் பையன் கடன் கொடுப்பதை முடிவு செய்யமாட்டான். யார் வருகிறான், யார் தவணை தவறுகிறான் என்று கண் வைத்திருப்பான். பெஞ்சில் உனக்கும் அதே வேலை. இந்தக் குவார்ட்டரில் நம் டீம் ஃபவுல், அதாவது நம் அணி மொத்தமாகச் செய்த ஃபவுல், எத்தனை என்பது எப்போதும் தெரிந்திருக்க வேண்டும். நாலு முடிந்துவிட்டால் ஐந்தாவதிலிருந்து எதிரிக்கு யாரும் மறிக்காமல் வளையத்தில் போட இரண்டு ஃப்ரீ த்ரோ; அது தெரியாமல் இறங்கி முதல் நொடியிலேயே கையை நீட்டுகிற பையனைக் கோச் மறுபடி கூப்பிட யோசிப்பார். உன் இடத்தில் ஆடுகிற சீனியருக்கு இரண்டாவது குவார்ட்டரிலேயே மூணு ஃபவுல் விழுந்தால் அடுத்த ஆள் நீ. அப்போதே எழுந்து முழங்காலை உயர்த்தி, பக்கவாட்டில் நகர்ந்து உடம்பைச் சூடேற்று. குளிர்ந்த காலோடு ஓடினால் முதலில் பிடிப்பது தொடைப் பின்சதை.

இனி அந்த மூணு நிமிஷம். நம் பக்கம் ஆறு தடவை பந்து வந்தால் அதிகம். அதில் உனக்கு ஷாட் வாய்ப்பு ஒன்று வந்தாலே பெரிசு. எதிரி கையிலும் ஆறு தடவை பந்து இருக்கும், அந்த ஆறிலும் உனக்கு வேலை உண்டு. புதுப் பையன்கள் இதைத் தலைகீழாகப் போட்டுக்கொள்கிறார்கள். கிடைத்த ஒரு பந்தை அவசரமாக எறிந்துவிட்டு, தப்பினதையே நினைத்துத் திரும்ப ஓட மறக்கிறார்கள். எதிரி அந்தக் காலியிடத்தில் ஓடி வந்து, வளையத்தருகிலிருந்து சுலபமாக லே-அப் போட்டுவிட்டுப் போகிறான்.

தப்பின பந்தை எதிரி எடுக்கவிடாமல் முதுகால் மறிக்கிற பாக்ஸ் அவுட்டில்தான் நீ பெயர் வாங்க முடியும், அதற்கு உயரம் கூட இரண்டாம்பட்சம். ஷாட் கிளம்பியதும் எல்லார் கண்ணும் பந்தின் பின்னாலேயே போகும். அதுதான் பிசகு. நீ முதலில் உன் ஆளைத் தேடு, முன்கையால் அவன் நெஞ்சைத் தொட்டு இடத்தை உறுதி செய், காலைச் சுழற்றித் திரும்பி அவனை முதுகுக்குப் பின்னால் வாங்கு. இடுப்பு அவன் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும், கால்கள் தோளைவிட அகலம். கையால் பின்னால் வளைத்துப் பிடித்தால் ஃபவுல். வளையத்துக்கு நேர் கீழே நின்றுவிடாதே, அங்கே வலையிலிருந்து விழுகிற பந்துதான் கிடைக்கும். மூலையிலிருந்து அடித்துத் தப்புகிற பந்து பெரும்பாலும் எதிர்ப்பக்கம் போகும். தூரத்து ஷாட் நீளமாகத் தெறிக்கும். பந்து உன் கைக்கு வராவிட்டாலும் உன் ஆளுக்குக் கிடைக்காவிட்டால் போதும். ஸ்கோர் ஷீட்டில் ஏறாத அந்த வேலையைக் கோச் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஷூட்டரை மறிக்க ஓடும்போது முதல் பாதி நீள அடி, கடைசி இரண்டு மீட்டர் குட்டிக் குட்டி அடி. ஒரு கை மேலே, எடை பின்னால். அவன் ஏமாற்றுப் பாவனை காட்டியதும் எகிறிக் குதித்தால் உன்னைத் தாண்டிப் போய்விடுவான். அவன் கால் தரையைவிட்டுக் கிளம்பின பிறகு நீ குதி.

ஃப்ரீ த்ரோவை ஐம்பது ஐம்பதாகப் போட்டுப் பழகாதே. ஆட்டத்தில் யாரும் ஐம்பது கொடுப்பதில்லை. கோர்ட்டை இரண்டு முறை ஓடு, மூச்சு வாங்கும்போதே இரண்டு போடு, குறித்துக்கொள், மறுபடி ஓடு. பந்து கைக்கு வந்ததிலிருந்து ஐந்து நொடி உண்டு. அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களை ராத்திரி பார்க்கிறாய் போல. பார், ஆனால் கடிகாரத்தை அங்கிருந்து கற்காதே. அங்கே ஆண்கள் ஆட்டம் 20 நிமிஷமாக இரண்டு பாதி, பந்து கிடைத்த அணி ஷாட் அடிக்க உள்ள நேரமான ஷாட் கிளாக் 30 நொடி. நமக்கு 24. வளையத்தில் பட்டுத் திரும்பியதை நாமே பிடித்தால் 14தான்.

இங்கே சிமெண்டுத் தரையில் ஆடின ஷூவை அங்கே மரத்தரைக்குப் போடாதே. அடிரப்பர் தேய்ந்து வழுக்கும், ஒட்டின மண்ணும் சேர்ந்துகொள்ளும். உள்ளரங்கத்துக்குத் தனி ஜோடி வைத்துக்கொள், ரோட்டில் அதைப் போட்டு நடக்காதே. கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் ரீபவுண்டுக்கு, அதாவது தப்பித் தெறிக்கிற பந்துக்குக் குதித்து அடுத்தவன் பாதத்தின்மேல் இறங்கும்போது. பிசகினால் துணியில் சுற்றிய ஐஸ் 15-20 நிமிஷம், கட்டு, காலை உயர்த்தி வை. ஆயா சொல்கிறாள் என்று வீக்கத்தில் எண்ணெய் போட்டு நீவிவிடாதே. நாலடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் எலும்பை அமுக்கினால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்துவிடு. முழங்கால் சில்லுக்குக் கீழே வலித்தால், ஸ்கூலில் வாரம் மூணு நாள் ஆடியவன் இப்போது காலையும் மாலையும் குதிப்பதால் வந்தது. பிசிகல் டைரக்டரிடம் சொல்லிக் குதிப்பதைக் குறை, மறைக்காதே.

சென்னைப் புழுக்கத்தில் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார். ஒரு கிலோ இறங்கியிருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வேர்வை. உப்பும் சேர்த்து, அதைவிடக் கொஞ்சம் கூடவே குடி. ஆட்டத்தன்று மூணு மணி நேரம் முன்னால் சோறு, அரை மணி முன்னால் வாழைப்பழம். கோழி வறுவல் ஆட்டம் முடிந்த பிறகு.

வருகைப் பதிவை அசட்டையாக விடாதே. ஆட்டத்துக்குப் போகும் முன்பே, ஆட்டத்துக்காக வகுப்புக்கு வராததை வருகையாக எடுத்துக்கொள்ளக் கேட்கும் ஓ.டி. கடிதத்தில் பிசிகல் டைரக்டர் கையெழுத்து வாங்கி டிபார்ட்மெண்டில் கொடுத்து, நகல் ஒன்று வைத்துக்கொள். போய்வந்து கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. சான்றிதழ்களும் அப்படியே. மத்திய அரசு விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகளுக்குப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி ஆடினவர்களுக்கு ஃபார்ம் 3 என்ற சான்றிதழ், மாநில அணிக்காகத் தேசியப் போட்டி ஆடினவர்களுக்கு ஃபார்ம் 2. சாதாரணப் பங்கேற்புச் சான்றிதழை நீட்டினால் அங்கே செல்லாது. போட்டி முடிந்த கையோடு வாங்கு. அதிகாரி மாறிவிட்டால் அலைச்சல்.

ரயில்வேயும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் கூடைப்பந்து அணி வைத்திருக்கின்றன. ஓவர்சீஸ் வங்கி நம் கானாடுகாத்தான் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937-ல் காரைக்குடியிலும் சென்னையிலும் ரங்கூனிலும் ஒன்றாகத் திறந்தது என்று உனக்குத் தெரியும். ஊர்ப்பெயர் சொல்லி அங்கே இடம் கிடைக்காது. அவர்கள் ஆட்டம் சென்னையில் நடந்தால் போய், பந்தைப் பார்க்காமல் உன் இடத்துக்காரனை மட்டும் 40 நிமிஷமும் பார்.

சனிக்கிழமை பெரியப்பச்சி பல்லவன் ரயிலில் வருகிறார்கள். ஆத்தா மாவுருண்டை ஒரு டப்பாவும் கைமுறுக்கும் கொடுத்துவிடுகிறாள். மத்தியானம் எழும்பூரில் நின்று வாங்கிக்கொள். மாவுருண்டையில் நெய் கூடுதல், ரூம் பையன்களுக்கும் கொடு. பழைய ஷூவைப் பெரியப்பச்சியிடமே கொடுத்தனுப்பு, இங்கே அடி ஒட்டித் தைத்து வைக்கிறேன்.

உன்
அப்பச்சி