ராய் வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்திடும் முன்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. வீட்டை விற்பதற்கான அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்திட்டு அனுப்பலாமா என்று நீ கேட்டிருந்தாய். தொலைபேசியில் பேசி முடிக்கும் காரியம் இல்லை என்பதால் எழுதுகிறேன். விலையைப் பற்றியும், டொரோண்டோவிலும் லிஸ்பனிலும் இருக்கும் பங்காளிகள் சொல்லும் காரணங்களைப் பற்றியும் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. இங்கிலாந்தின் சுவிண்டனில் குடியிருந்துகொண்டு போர்த்துகீசியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நமக்குக் கோவாவில் உள்ள ராய் ஊரோடு இனி என்ன இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. நான் தூத்துக்குடியில் பிறந்து அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள். அங்கேயே பிறந்தவர்கள் கேட்காமலே விட்டுவிடும் பலவற்றையும் உன் பாட்டியிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவள். அதனால் பதில் சொல்லும் உரிமை எனக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

ராய் ஊரை விட்டு முதலில் வெளியேறியவர்கள் கப்பல்காரர்கள் அல்லர். 1510இல் போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க் பீஜப்பூர் சுல்தானிடமிருந்து கோவா நகரைக் கைப்பற்றினார். ராய் அடங்கிய சால்செட் பகுதியும் பின்னர் போர்த்துகீசியர் வசம் வந்தது. 1560களில் அங்கே கோயில்கள் இடிக்கப்பட்டபோது, நம் ஊர்க்காரர்களில் ஒரு பகுதியினர் தங்கள் காமாட்சி அம்மனை எடுத்துக்கொண்டு, அன்று போர்த்துகீசியர் ஆட்சிக்கு அப்பால், ஜுவாரி ஆற்றின் அக்கரையில் இருந்த சிரோடாவுக்குப் போய்விட்டார்கள். அம்மன் இன்றும் அங்கேதான் இருக்கிறாள். லௌதோலிம் ஊரின் ராம்நாத்தும், கேலோஷியின் சாந்தாதுர்க்கையும் அப்படி இடம்பெயர்ந்த தெய்வங்களே. 1560இல் நிறுவப்பட்டு 1812வரை நீடித்த சமய விசாரணை மன்றத்துக்கு அஞ்சி மங்களூருக்கும் கொச்சிக்கும் போன கொங்கணிக் குடும்பங்கள் எத்தனையோ. போனவர்களும் நின்று மதம் மாறியவர்களும் ஒரே ஊர்க் குடிகள்தாம். கோவா என்றாலே தேவாலயமும் கடற்கரையும் என்று வெளியே நினைக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி அங்கே இந்துக்கள் ஏறத்தாழ 66 விழுக்காடு, கிறித்தவர்கள் 25 விழுக்காடு. உன் மகனிடம் அவன் முன்னோரைப் பற்றிச் சொல்லும்போது சிரோடாவையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

நின்றவர்களிடமிருந்தும் எல்லாவற்றையும் பறித்துவிட முடியவில்லை. ஊர் நிலத்தைப் பொதுவில் வைத்து, ஏரியையும் மதகையும் பராமரித்து, விளைச்சலில் குடிகளுக்குப் பங்கு கொடுத்துவந்த காவ்ங்காரி முறையைப் போர்த்துகீசியர் கொமுனிடாடே என்ற பெயரில் தொடரவிட்டார்கள். கொங்கணியைக் கைவிட்டு மூன்றாண்டுகளுக்குள் போர்த்துகீசிய மொழிக்கு மாற வேண்டும் என்று 1684இல் ஆணை பிறந்தது. ஆனாலும் உன் பாட்டி கடைசிவரை கொங்கணியில்தான் ஜெபமாலை சொன்னார்கள். நம் வீட்டுக்கு அருகில் உள்ள ராஷோல் அச்சகத்தில்தான், ஆங்கிலேய இயேசு சபைத் துறவி தோமஸ் ஸ்டீபன்ஸ் எழுதிய கிறிஸ்தபுராணம் 1616இல் அச்சானது. அவருடைய கொங்கணி இலக்கண நூல் 1640இல் வெளிவந்தது. தமிழுக்கும் இந்த மண்ணோடு தொடர்பு உண்டு. கொல்லத்தில் 1578இல் அச்சான தம்பிரான் வணக்கம் என்ற தமிழ் நூலுக்கு முந்தைய ஆண்டே கோவாவில் தமிழ் அச்செழுத்துகள் வார்க்கப்பட்டிருந்தன. கோவாவின் பெனாலிமில் பிறந்த புனித யோசேப் வாஸ் தூத்துக்குடி வழியாக யாழ்ப்பாணம் போய், தமிழும் சிங்களமும் கற்று, 1711இல் கண்டியில் மறைந்தார். என் ஊரும் உன் அப்பாவின் ஊரும் ஒன்றுக்கொன்று அந்நியமாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

உன் தாத்தாவின் கதைக்கு வருகிறேன். அவர் தார்வொட்டி, அதாவது கப்பலில் வேலை பார்த்தவர். வயலும் தென்னையும் எல்லோருக்கும் போதாத ஊர்களிலிருந்து இளைஞர்கள் மும்பைக்குப் போய், பிரிட்டிஷ் கப்பல்களில் சமையல்காரர்களாகவும் பணியாளர்களாகவும் சேர்ந்த காலம் அது. ஒரு பயணம் முடிந்து அடுத்த கப்பல் கிடைக்கும்வரை தங்குவதற்காகத் தோபி தலாவிலும் மஸகாவிலும் ஊருக்கு ஒன்றாக விடுதிகளை அமைத்துக்கொண்டார்கள். அவற்றைக் கூட் என்பார்கள். சுவரோரம் வரிசையாகத் தகரப் பெட்டிகள், ஒரு மூலையில் ஊரின் பாதுகாவலரான புனிதரின் பீடம், மாலையில் கட்டாய ஜெபமாலை, சிறிய மாதக் கட்டணம். வேலையற்று இருக்கும் ஊர்க்காரனும் அங்கே பாய் விரித்துப் படுக்கலாம். ஊர்த் தேவாலயத்தின் கூரைக்கும் திருநாளுக்கும் அங்கிருந்து பணம் போனது. ஊர் வேற்றுமையும் சாதி வேற்றுமையும் அந்த விடுதிகளுக்குள்ளும் இருந்தன என்பதை மறைக்க மாட்டேன். ஆயினும், மாதக்கணக்கில் கடலில் இருந்தவர்கள் ஊரின் பெயரைச் சொல்லி ஒரே கூரையின்கீழ் படுத்து எழுந்தது சாதாரணமான செயல் அன்று. கொங்கணி நாடகமான தியாத்ர் 1892 ஏப்ரல் 17 அன்று முதன்முதலில் மேடையேறியதும் கோவாவில் அல்ல, மும்பையில்தான். வெளியே போனவர்கள் ஊருக்குப் பணத்தோடு கலையையும் கொடுத்தார்கள்.

கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போனவர்களும் இப்படித்தான். உன் பெரிய தாத்தா உகாண்டாவின் கம்பாலாவில் அரசு அலுவலக எழுத்தர். 1972இல் ஆசியர்கள் 90 நாள்களுக்குள் வெளியேற வேண்டும் என்று இடி அமீன் உத்தரவிட்டபோது, அவர் குடும்பம் கனடா சேர்ந்தது. டொரோண்டோப் பங்காளிகள் அந்த வழியில் வந்தவர்கள். குடியேறிய நாட்டில் ஒதுங்கியே வாழ்ந்தார்கள் என்று கோவாக்காரர்களைச் சிலர் குறை சொல்வதுண்டு. அவர்களிடம் பியோ காமா பிண்டோவைப் பற்றிச் சொல். நைரோபியில் பிறந்து, இந்தியாவில் படித்து, கோவா விடுதலைக்கும் உழைத்து, பின்பு கென்ய விடுதலைக்காகச் சிறை சென்று, 1965 பிப்ரவரி 24 அன்று அதே நகரில் சுட்டுக்கொல்லப்பட்டவர் அவர். இரண்டு நாடுகளுக்கும் ஒருவர் உண்மையாக இருக்க முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகப் பெரிய சான்று அவரே.

உன் கடவுச்சீட்டைக் குறித்து நீ வெட்கப்படத் தேவையில்லை. போர்த்துகீசியர் ஆட்சி முடிந்த 1961 டிசம்பர் 19க்கு முன் கோவாவில் பிறந்தவர்களையும் அவர்கள் வழிவந்தோரையும் போர்த்துகீசியச் சட்டம் ஏற்கிறது; இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வேலைக்காக நீ ஒன்றைத் தேர்ந்தெடுத்தாய், அவ்வளவுதான். ஆனால் தாள் மாறியதும் உறவும் மாறிவிட்டது என்று நீ நினைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கோவா மகாராஷ்டிரத்தோடு இணைவதா என்பதைத் தீர்மானிக்க 1967 ஜனவரி 16 அன்று வாக்கெடுப்பு நடந்தபோது, வெளியூரில் வாழும் கோவா மக்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று இணைப்பை எதிர்த்த தலைவர் ஜாக் டி செக்வேரா கேட்டார். அது மறுக்கப்பட்டது. வாக்கில்லாதவர்களும் ஊருக்குக் கடிதம் எழுதித் தங்கள் வீட்டாரை இணைப்புக்கு எதிராக வாக்களிக்கச் சொன்னார்கள் என்று உன் தாத்தா சொல்வார். 1987இல் கொங்கணி ஆட்சிமொழியானதும், அதே ஆண்டு மே 30 அன்று கோவா தனி மாநிலமானதும், இணைய வேண்டாம் என்று வந்த அந்த முடிவின் தொடர்ச்சிதான்.

இப்போது வீட்டு விஷயம். 1867ஆம் ஆண்டின் போர்த்துகீசியச் சிவில் சட்டத்திலிருந்து கோவாவில் நிலைத்திருக்கும் வாரிசு முறைப்படி மகனுக்கும் மகளுக்கும் சமப் பங்கு. பங்குதாரர்கள் பல கண்டங்களில் சிதறியிருப்பதால் சால்செட்டில் எத்தனையோ வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. சிப்பி ஓடு பதித்த சன்னல்கள் உதிர்ந்து, பல்காவ் எனப்படும் முன்திண்ணைகளில் செடி முளைத்திருப்பதை நீயும் பார்த்திருக்கிறாய். அப்படி அழிவதைவிட விற்பது மேல் என்னும் உன் வாதம் நியாயமானதே. ஆனால் நம் வீட்டோடு வயலும் சேர்ந்திருக்கிறது. இந்திய வம்சாவளியினரான வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை வைத்திருப்பவர் விவசாய நிலத்தை வாரிசாகப் பெறலாம், விலைக்கு வாங்க இயலாது. ஒருமுறை விற்றால் உன் மகன் எவ்வளவு சம்பாதித்தாலும் அதை மீட்க முடியாது. வாங்க வந்திருப்பவர் வயலை மேடாக்கி விடுமுறை வீடுகள் கட்டப்போகிறவர் என்று கேள்விப்பட்டேன். அவருக்கு விற்க நான் சம்மதிக்க மாட்டேன். உன் சித்தப்பாவின் மகன் ராயிலேயே இருக்கிறான், பயிர் செய்ய விரும்புகிறான். வீட்டையும் வயலையும் அவன் பொறுப்பில் விட்டு, கூரை செப்பனிடும் செலவை எல்லோரும் பகிர்ந்துகொள்வதே சரியான வழி என்று நான் கருதுகிறேன். பழைய கூட் விடுதிகளில் இருந்தவர்கள் இதைவிடக் குறைந்த வருமானத்தில் இதைச் செய்தார்கள்.

ஆகஸ்ட் 5 அன்று நம் பங்கில் புதுக்கதிர்த் திருநாள். வயலில் அறுத்த முதல் கதிர்களை மந்திரித்து வீடுகளுக்குக் கொடுப்பார்கள். பள்ளி விடுமுறைக் காலந்தான், மகனோடு வா. அவனிடம் இப்போதிருந்தே கொங்கணியில் பேசத் தொடங்கு. எழுதக் கற்பிக்க ரோமன் எழுத்து போதும், தேவநாகரியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தமிழுக்கு நான் இருக்கிறேன். அவனுடைய ஓசிஐ விண்ணப்பத்தைத் தாமதிக்காதே. பத்திரத்தை உன்னிடமே வைத்திரு, கையெழுத்திடாதே. உன் முடிவு வரும்வரை காத்திருக்கும்படி லிஸ்பன் அத்தைக்கு நானே இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா