மார்க் பார்த்து செக்‌ஷன் பிரிக்காதீர்கள்

மதிப்பிற்குரிய தாளாளர், முதல்வர் அவர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் ஒன்பதாம் வகுப்பில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். நேராகக் கேட்டுவிடுகிறேன்: மார்க் பார்த்து செக்‌ஷன் மாற்றுவதை நிறுத்துங்கள்.

என் மகளை 'ஏ'-விலிருந்து 'டி'-க்கு மாற்றினீர்கள். கணக்கில் மார்க் குறைந்தது உண்மைதான், அதைச் சரிசெய்துவிடலாம். எங்களைக் கலங்கவைத்தது அவளுடைய டிபன் பாக்ஸ். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாக உட்கார்ந்து, ஒருத்தியின் எலுமிச்சை சாதத்தை இன்னொருத்தி பிடுங்கிச் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள். இப்போது 'டி' பின்கட்டடத்தில் இருக்கிறது, சாப்பாட்டு மணியும் வேறு. கொடுத்தனுப்பிய சோறு அப்படியே திரும்பி வருகிறது. கேட்டால் "பசிக்கலம்மா" என்கிறாள். திங்கட்கிழமை ஆனால் வயிற்றுவலி. டாக்டர் பார்த்துவிட்டு, வயிற்றில் ஒன்றுமில்லை, ஸ்கூலில் என்ன பிரச்சினை என்றுதான் கேட்டார். தன்னைத் தேடுகிற நாலு பேர் இருந்தால்தானே ஒரு பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போகத் தோன்றும்?

பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னேன். "நல்லா படிக்கிற பசங்க டிஸ்டர்ப் ஆகக்கூடாது இல்லையா?" என்று பதில் வந்தது. என் மகள் பக்கத்தில்தான் நின்றாள். அத்தனை பேர் முன்னால் ஒரு பிள்ளையைப் பற்றிப் பேசுகிற பேச்சா அது?

விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குப் போன ஒரு மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல்கள் தந்திருக்கிறது. மதிப்பெண்ணை வைத்துப் பிரிப்பதையும் பலர் முன்னால் அவமானப்படுத்துவதையும் கூடியவரை தவிர்க்கச் சொல்கிறது. 100 பேரோ அதற்கு மேலோ படிக்கும் இடத்தில் மனநல ஆலோசகர் ஒருவராவது வேண்டும் என்கிறது. நம் பள்ளியில் யாரும் இல்லை. மாநில ரேங்க் அறிவிப்பதை அரசே 2017-இல் விட்டுவிட்டது. நீங்களோ கேட் முழுக்க சென்டம் ஃபிளெக்ஸ் கட்டுகிறீர்கள். 'டி' பிள்ளைகளிடமும் அதே ஃபீஸ்தான் வாங்குகிறீர்கள், அனுபவமுள்ள கணக்கு டீச்சரை மட்டும் 'ஏ'-வுக்கு வைத்துக்கொள்கிறீர்கள்.

கோபம் வார்த்தையில் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களை நம்பித்தான் பிள்ளையைச் சேர்த்தோம். கணக்கில் பின்தங்கியவர்களுக்கு மாலையில் தனி வகுப்பு வையுங்கள், தவறாமல் அனுப்புகிறோம். ஆனால் மார்க் பார்த்து செக்‌ஷன் பிரிப்பது வேண்டாம். அரையாண்டுத் தேர்வுக்குள் பிள்ளைகளைப் பழையபடி கலந்து உட்காரவையுங்கள். ஆலோசகர் ஒருவரையும் நியமியுங்கள். இதைப் பற்றிப் பேச எங்களைப் போன்ற பெற்றோர் சிலர் தயாராக இருக்கிறோம். எந்த நாளில் வரலாம் என்று தயவுசெய்து தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'டி' பிரிவு மாணவியின் அம்மா