பந்தயக் குதிரை சவாரிக்கு ஆகும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர், பந்தயத்தில் ஓடி முடித்த குதிரைகளைச் சவாரிக்கு வாங்குகிறவர்கள் உயிரோடு விளையாடுகிறார்கள் என்று எழுதியிருந்தார். அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் அடுக்கிய காரணங்களில் பல, குதிரையின் குற்றமே அல்ல. நான் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவள், கல்லூரி நாட்களில் என்.சி.சி. குதிரைப் பிரிவில் சவாரி கற்றவள், ஊரே வேண்டாம் என்று சொன்ன அப்படி ஒரு குதிரையை வாங்கி இப்போது அதன் மேல்தான் தோப்பைச் சுற்றி வருகிறேன். அதனால் இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

வாங்குவதற்கு முன் எனக்குச் சொல்லப்படாத புத்திமதி கிடையாது. "அம்மிணி, அந்தத் தீனிச் செலவுக்கு ரெண்டு கறவை மாடு கட்டுனா பாலாச்சும் மிஞ்சும்" என்றார் மாமனார். பக்கத்துத் தோட்டத்து அண்ணன், ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனால் காட்டியவாடி, மார்வாரி போன்ற நாட்டு இனக் குதிரையை நம் கண்ணால் பார்த்து வாங்கலாமே, போயும் போயும் ரேஸ் குதிரையா என்று கேட்டார். சவாரி தெரிந்த நண்பர்கள் இன்னும் கடுமையாகப் பேசினார்கள்: அதற்கு ஓடுவதைத் தவிர ஒன்றும் தெரியாது, கால் எல்லாம் தேய்ந்திருக்கும், கடிவாளத்தைக் கையில் எடுத்த நொடியில் பறந்துவிடும், பிறகு ஆண்டவன்தான் நிறுத்த வேண்டும்.

முதலில் வயதைப் பார்ப்போம். ஓய்வு பெற்றது என்றதும் கிழட்டுக் குதிரை என்று நினைத்துக்கொள்கிறோம். பந்தயத்துக்கென்றே வளர்க்கும் தரோபிரெட் இனக் குதிரை 2 வயதிலேயே ஓட ஆரம்பித்துவிடும், பெரும்பாலானவை 6, 7 வயதுக்குள் நின்றுவிடும். நல்லபடியாக வைத்துக்கொண்டால் 25 வயதைத் தாண்டியும் இருக்கக்கூடிய உயிர் அது. அதாவது ஓய்வு பெறும்போது அதன் வாழ்க்கையில் கால்வாசிதான் முடிந்திருக்கிறது. ஜெயிக்கவில்லை என்பதற்காக நிறுத்தப்பட்ட குதிரைகள் எத்தனையோ உண்டு. கடைசியாக ஓடி வந்த குதிரையும் நம் தோப்புப் பாதையில் எந்த ஜீப்பையும் விட வேகமாகத்தான் ஓடும், அந்த வேகம் நமக்குத் தேவையும் இல்லை.

அடுத்து, அதற்கு ஒன்றும் தெரியாது என்கிறார்களே, அது. சந்தையில் வாங்கும் பல குதிரைகளுக்குத் தெரியாத எவ்வளவோ விஷயங்கள் இதற்குத் தெரியும். லாரியில் ஏறி இறங்கும், மலைப்பாதைகூடப் பார்த்திருக்கும். தினமும் குளித்துப் பழகியது. லாடம் அடிக்கக் காலைத் தூக்கிக் கொடுக்கும். ஊசி போட்டால் நிற்கும். ஒலிபெருக்கி, கூட்டம், கைதட்டல் எல்லாம் சின்ன வயதிலேயே பழக்கம். எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பிக்குத் தப்பட்டை முழங்கியபோது என் குதிரை காதை இரண்டு முறை திருப்பிவிட்டு மறுபடியும் புல்லில் வாயை வைத்ததைப் பார்த்து, அந்தியூர் சந்தைக்குப் போகச் சொன்ன அந்த அண்ணனே சற்று நேரம் பேசாமல் நின்றார்.

தெரியாததும் நிறைய இருக்கிறது, அதையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். நின்ற இடத்தில் நிற்கத் தெரியாது. பந்தயத்தில் குதிரையை ஓட்டும் ஜாக்கி ஏறும் விதம் அப்படி: குதிரை நடந்துகொண்டே இருக்கும், பக்கத்தில் ஒருவர் ஜாக்கியின் முழங்காலைப் பிடித்துத் தூக்கி மேலே போட்டுவிடுவார். சேணத்தில் தொங்கும் கால்வளையமான அங்கவடியில் கால் வைத்து ஒருவர் நிதானமாக ஏறுவது என்பதே அதற்குப் புதிது. களத்துமேட்டுத் திண்ணையை ஒட்டி நிறுத்துவேன், ஏற மாட்டேன், சேணத்தின் மேல் கையை மட்டும் வைத்து எடுப்பேன், கழுத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு அழைத்துப் போய்விடுவேன். அப்புறம் அங்கவடியில் பாதம், அப்புறம் பாதி எடை, அப்புறம் முழுதாக. அவசரப்பட்டால் இந்த இடத்தில்தான் கெடும்.

காலால் அணைப்பதும் அதற்குத் தெரியாது. ஜாக்கியின் அங்கவடி அவ்வளவு குட்டையாக இருக்கும், அவர் கால் குதிரையின் வயிற்றைச் சுற்றி வரவே வராது, முழு வேகத்தில் சேணத்தில் உட்காரவும் மாட்டார். நாமோ அங்கவடியை நீளமாக விட்டு, முதுகில் முழு எடையோடு உட்கார்ந்து, கெண்டைக்காலால் தொடுகிறோம். முதல் தடவை என் கால் விலாவில் பட்டதும் அதன் தோல் முழுக்க ஒரு சிலிர்ப்பு ஓடியது எனக்குச் சேணத்துக்கு மேலேயே தெரிந்தது. இது என்ன, யார் தொடுகிறார்கள் என்று கழுத்தை வளைத்து என் பூட்ஸை முகர்ந்து பார்த்தது. இதைத் திமிர் என்று அடிப்பவர்கள் இருக்கிறார்கள். பாவம், புதிதாக வேலைக்கு வந்த இடத்தில் யாரும் அதற்கு எதையும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

இனி அந்தக் கடிவாள விவகாரம். நண்பர்கள் சொன்ன இதில் உண்மை இருக்கிறது, ஆனால் அவர்கள் காரணத்தை மாற்றிப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். பந்தயக் குதிரை வாயிரும்பின் மேல் சாய்ந்து ஓடப் பழக்கப்பட்டது. ஜாக்கி கடிவாள வாரைக் குட்டையாகப் பிடித்து இறுக்கினால் இன்னும் வேகமாகப் போ என்று எடுத்துக்கொள்ளும். பயந்துபோய் இரண்டு கையாலும் இழுப்பவர் இழுக்க இழுக்க அது வேகம் எடுப்பது இதனால்தான், சொன்னதைச் செய்கிறது, நாம்தான் நிற்கச் சொல்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். நிற்க வேண்டுமானால் வாரைத் தளர்த்தி, உடம்பை ஆழ உட்காரவைத்து, பெரிய வட்டமாகத் திருப்பி, மெல்ல வட்டத்தைச் சுருக்க வேண்டும். இதை நடையிலேயே திரும்பத் திரும்பப் பழக்க வேண்டும், நாலுகால் பாய்ச்சலில் பழக்க முடியாது. முதல் சில மாதம் நடையைத் தாண்டவே கூடாது என்று நினைப்பவள் நான். எனவே சவாரி புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களும், குழந்தைக்குப் பிறந்த நாள் பரிசாகக் குதிரை தேடுகிறவர்களும் தயவுசெய்து இந்தப் பக்கம் வர வேண்டாம். கடிதம் எழுதிய அன்பர் அவர்களுக்காகக் கவலைப்பட்டிருந்தால் நானும் அவர் கட்சிதான்.

பந்தயத்தில் ஓடிய குதிரை உயர்ந்த சவாரிக்கு ஆகாது என்பவர்களுக்கு ஒரே ஒரு பெயர் சொல்கிறேன். 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் தடை தாண்டும் போட்டியில் அமெரிக்காவின் வில்லியம் ஸ்டைன்க்ராஸ் தனிநபர் தங்கம் வென்றார். அவர் ஏறியிருந்த 'ஸ்னோபவுண்ட்' பந்தய மைதானத்திலிருந்து வந்த குதிரை.

கால் தேய்ந்திருக்கும் என்பதை மட்டும் யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வாங்குவதற்கு முன் குதிரை வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவரைக் கூட்டிப் போங்கள், வீட்டு நாய்க்கு ஊசி போடுகிறவர் போதாது. எங்கள் மருத்துவர் முதலில் முன்னங்கால்களின் பின்பக்கம், முழங்காலுக்குக் கீழே குளம்பை நோக்கி இறங்கும் தசைநாணை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து அங்குலம் அங்குலமாக வருடிக்கொண்டே போனார். இடது காலில் ஒரு இடத்தில் விரல் நின்றது. என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார்: லேசான தடிப்பு, ஆனால் சூடு இல்லை, அழுத்தினால் குதிரை காலை இழுக்கவில்லை. பழைய காயம், ஆறிவிட்டது, மறுபடி பந்தயம் ஓடினால் கிழியும், நடைக்கும் மிதமான ஓட்டத்துக்கும் பயமில்லை என்றார். பிறகு ஒவ்வொரு காலையும் மடக்கிப் பிடித்து, விட்டதும் ஓடவைத்து நொண்டுகிறதா என்று பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார், இதயத் துடிப்பைக் கேட்டார், மூச்சைக் கேட்டார். கூடவே கிளாண்டர்ஸ் பரிசோதனை. இது மனிதருக்கும் தொற்றும் கொடிய நோய், ஹரியானா மாநிலம் ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம் இதற்கென்றே பேர் போனது. நோய் இல்லை என்ற சான்று கையில் இல்லாமல் எந்தக் குதிரையையும் லாரியில் ஏற்றாதீர்கள், விற்பவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் சரி.

தீனியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் "ரேஸ் குதிரைக்குப் பைத்தியம்" என்று பேர் வருவதே பாதி இதனால்தான். பந்தயக் காலத்தில் கிலோக் கணக்கில் ஓட்ஸ், நாளில் பெரும்பகுதி லாயத்துக்குள், கொஞ்ச நேரம் கடும் ஓட்டம். குதிரையின் இரைப்பையோ நாள் முழுக்க அமிலம் சுரந்துகொண்டே இருக்கும், அது நாள் முழுக்க மேய்வதற்கென்றே அமைந்த வயிறு. காலியாக விட்டால் புண்தான், பயிற்சியில் இருக்கும் பந்தயக் குதிரைகளில் வயிற்றுப் புண் மிக மிகச் சாதாரணம். வயிறு எரிகிற குதிரை, சேணத்தின் வயிற்று வாரைக் கட்டப் போனாலே கடிக்க வரும், நாம் குணம் கெட்டது என்போம். தானியத்தை ஒரேயடியாக நிறுத்தாமல் வாரம் வாரமாகக் குறைத்து, காய்ந்த புல்லைக் கூட்டி, சவாரிக்கு முன் ஒரு கை குதிரைமசால் தீவனம் கொடுத்து, பகலெல்லாம் வேலி போட்ட இடத்தில் மேய விட்டால் குதிரையின் முகமே மாறிவிடும். தனியாகவும் விடக் கூடாது, கூட்டமாகவே இருந்து பழகியது. நாங்கள் துணைக்கு ஒரு மட்டக்குதிரை வைத்திருக்கிறோம்.

எங்கள் கொங்குப் பக்கத்து விவசாயிகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாட்டுக்கு நாம் போடுகிற கோ நேப்பியரும் கொழுக்கட்டைப் புல்லும் குதிரைக்கு மட்டும் முழுநேரத் தீனியாகக் கூடாது. அதில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேர விடாது, கூடவே தவிட்டையும் அள்ளிப் போட்டால் இன்னும் மோசம், எலும்பு பலவீனமாகி முகம் வீங்கிப் போகும். மாடு தாங்குவதைக் குதிரை தாங்காது. குதிரைமசாலும் சாதாரணக் காய்ந்த புல்லும் கலந்து போடுங்கள்.

சரி, இதையெல்லாம் ஒரு தனி ஆள் தேடித் தேடித் தெரிந்துகொள்ள வேண்டியிருப்பதுதான் என் ஆதங்கம். தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974இல் சட்டம் கொண்டுவந்தோம், அது சூதா திறமையா என்று வழக்குப் போய் 1996இல் உச்ச நீதிமன்றம் திறமை ஆட்டம்தான் என்று சொன்னது. 2024இல் ஊட்டி பந்தய மைதான நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது, அதே ஆண்டு கிண்டிக்கும் சீல் வைத்தது. குத்தகைப் பாக்கி, ஏக்கர் கணக்கு, பூங்காவா குளமா என்று உங்கள் நாளிதழ் உட்பட எல்லோரும் பக்கம் பக்கமாக எழுதினார்கள். எழுத வேண்டியதுதான். ஆனால் அந்த லாயங்களில் நின்றிருந்த குதிரைகள் ஓட்டம் நின்றால் எங்கே போகும் என்பதைப் பற்றி நான் படித்தது மிகக் குறைவு. கடற்கரையில் பத்து நிமிடச் சவாரிக்கும், கல்யாண ஊர்வலத்துக்கும் தரகர் கை மாறிப் போகும் குதிரைகளில் உயரமும் மெல்லிய காலும் உள்ளவற்றைப் பார்க்கும்போதெல்லாம், இது எந்த மைதானத்தில் ஓடியதோ என்று எனக்கு வயிறு கலங்கும்.

பிரிட்டனில் ஓய்வு பெற்ற பந்தயக் குதிரைகளுக்கு மறுபயிற்சி தருவதற்கென்றே பந்தயத் துறையினர் 2000ஆம் ஆண்டில் ஒரு அமைப்பைத் தொடங்கிவிட்டார்கள். அமெரிக்காவில் 2012 முதல் இதற்கு ஒரு கூட்டமைப்பு இருக்கிறது. நம் ஊரில் அவ்வளவு பணம் வேண்டாம். நான் குதிரை வாங்கியபோது அந்தத் தசைநாண் காயம் எப்போது பட்டது, என்ன வைத்தியம் பார்த்தார்கள் என்பதற்கு விற்றவரிடமிருந்து ஒரு துண்டுக் காகிதம்கூட எனக்குக் கிடைக்கவில்லை. இனத்துக்கும் அடையாளத்துக்கும் இவ்வளவு கவனமாகப் பதிவேடு வைத்திருக்கும் தொழிலில், காலின் கதைக்கு மட்டும் பதிவு கைமாறாதது நியாயமே இல்லை. குதிரையை விற்கும்போது அதன் மருத்துவக் குறிப்புகள் முழுவதும் வாங்குபவருக்குப் போக வேண்டும் என்றும், வாங்குபவரிடம் இடமும் மேய்ச்சலும் இருக்கிறதா என்று ஒருவர் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்றும், தரகருக்குக் கொடுக்கக் கூடாது என்றும் பந்தய கிளப்புகளும் கால்நடை பராமரிப்புத் துறையும் சேர்ந்து ஒரு விதி போட்டால் போதும்.

கடிதம் எழுதிய அன்பருக்கு விருப்பம் இருந்தால், எங்கள் தோப்புக்கு ஒரு நாள் காலையில் வரட்டும். ஏறச் சொல்ல மாட்டேன், நின்று பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பொள்ளாச்சி